வெஸ்ட் இண்டீஸ்னா என்ன? மேப்ல தேடினா கிடைக்காத ஒரு டீம் பத்தி

போன மாசம் அக்கா பையன் ஸ்கூல் அட்லஸ விரிச்சு வச்சுக்கிட்டு, "மாமா, வெஸ்ட் இண்டீஸ் எங்க இருக்கு, அதோட தலைநகரம் என்ன"ன்னு கேட்டான். முப்பது வருஷமா கிரிக்கெட் பாக்குறவன் நான், லாரா அடிச்ச 375-ஐ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், ஆனா அன்னிக்கு என் விரல் போய் நின்ன எடம் வெறும் கடல். அப்படி ஒரு நாடே கிடையாது, அதனால தலைநகரமும் கிடையாது. இத அவனுக்குப் புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆச்சு, அந்த ஒரு மணி நேரத்தத்தான் இங்க எழுதுறேன்.

ஏன்னா இந்த டீம் பத்தி டீக்கடைல இருந்து வாட்ஸப் குரூப் வரைக்கும் மூணே மூணு டயலாக்தான் ஓடுது. "அவனுங்க உடம்பு வாகு அப்படி, பொறக்கும்போதே வேகமா போடுவானுங்க." "83-ல நம்மகிட்ட தோத்தானுங்க, அத்தோட முடிஞ்சுது." "டி20 காசு வந்துச்சு, கெட்டானுங்க." மூணுமே அரைகுறை. இதுல நடுவுல உள்ளது சுத்தமா தப்பு.

தேர் ஒண்ணு, வடம் பிடிக்கிற ஊரு பல

எங்க ஊர்ப்பக்கம் ஒரு அம்மன் கோயில், அதோட தேர் எட்டு ஊருக்குப் பொது. வருஷம் பூரா அந்த எட்டு ஊருக்கும் கம்மாத் தண்ணிக்கு சண்டை, எல்லைக்கல்லுக்கு சண்டை, ஒருத்தன் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தன் போறதில்ல. ஆனா தேரோட்டம் அன்னிக்கு எட்டு ஊரும் ஒரே வடத்தப் பிடிக்கும். முதல் மரியாதை யாருக்குங்குற தகராறு அப்பவும் இருக்கும், அது தனிக்கதை.

வெஸ்ட் இண்டீஸ்ங்குறது அந்தத் தேர். கரீபியன் கடல்ல சிதறிக் கிடக்குற தீவுகள், கூடவே தென் அமெரிக்கா கண்டத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற கயானா, இவங்க எல்லாம் கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒரே டீமா ஆடுறாங்க. ஜமைக்கா தனி நாடு, பார்படாஸ் தனி நாடு, டிரினிடாட் டொபாகோ தனி, ஆன்டிகுவா தனி. தனித்தனி பாஸ்போர்ட், தனித்தனி தேசியகீதம். உசைன் போல்ட் ஓடினது ஜமைக்காவுக்கு, ஃபுட்பால் ஆடும்போது ஆளுக்கொரு டீம். கிரிக்கெட்ல மட்டும் மெரூன் கலர் தொப்பி போட்டு, பனைமரமும் ஸ்டம்ப்பும் போட்ட ஒரு கொடிக்குக் கீழ நிப்பாங்க, அந்தக் கொடி எந்த நாட்டுக் கொடியும் இல்ல.

தூரமும் சும்மா இல்ல. ஜமைக்காவுல இருந்து பார்படாஸ் போறது நம்ம சென்னை - டெல்லி தூரத்தவிட ஜாஸ்தி, நடுவுல பூரா கடல். இதுக்கு ஆறு போர்டு உண்டு: பார்படாஸ், ஜமைக்கா, கயானா, டிரினிடாட், அப்புறம் சின்னச் சின்னத் தீவுகள ரெண்டு மூட்டையா கட்டி லீவர்ட் தீவுகள், விண்ட்வர்ட் தீவுகள். மேல ஒரு பொது போர்டு. பேரு? கொலம்பஸ் 1492-ல இந்தியாவுக்கு வழி தேடிப் போய் அங்க இறங்கி, இதுதான் இந்தியான்னு நெனச்சுக்கிட்டதால வந்த பேரு, இன்னிக்கு வரைக்கும் யாரும் திருத்தல.

நம்ம ஆளுங்களும் இதுல உண்டு. 1838-ல இருந்து 1917 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா இந்தியாவுல இருந்து கப்பல் கப்பலா ஆளுங்கள கொண்டு போனாங்க, பெரும்பாலும் வடக்கத்தி ஆளுங்க, ஆனா மெட்ராஸ் துறைமுகத்துல இருந்தும் போனாங்க. அதனாலதான் வெஸ்ட் இண்டீஸ் ஸ்கோர்கார்டுல திடீர்னு நாகமூட்டூ, வீராசாமி பெர்மால்னு பேரு வரும். நாகமுத்துவும் பெருமாளும்தான் அது, ஸ்பெல்லிங் மட்டும் கப்பல் ஏறி மாறிப்போச்சு. ரெண்டு பேரும் கயானாக்காரங்க, ரெண்டு பேரும் ஸ்பின்னர்.

இதுவரைக்கும் சொன்னது: வெஸ்ட் இண்டீஸ் நாடு இல்ல, ஒரு ஏற்பாடு. பல நாடு சேந்து போட்ட கூட்டு. இத மனசுல வச்சுக்கிட்டா மத்த கதையெல்லாம் தானா புரியும்.

முதல் மரியாதை யாருக்கு?

டெஸ்ட்ங்குறது அஞ்சு நாள் ஆடுற மேட்ச்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நெனச்சவன் எல்லாம் டெஸ்ட் ஆட முடியாது, அதுக்கு ஒரு அனுமதி வேணும், அதுக்குப் பேருதான் டெஸ்ட் அந்தஸ்து. வெஸ்ட் இண்டீஸுக்கு அது 1928-ல கிடைச்சுது, இந்தியாவுக்கு நாலு வருஷம் முன்னாடியே. முதல் டூர் இங்கிலாந்துக்கு, மூணு டெஸ்ட், மூணும் இன்னிங்ஸ் தோல்வி. அதாவது ரெண்டு தடவ பேட்டிங் பிடிச்சும், எதிராளி ஒரே தடவைல அடிச்சத எட்ட முடியல.

1930-ல கயானாவுல முதல் வெற்றி, ஜார்ஜ் ஹெட்லி ரெண்டு இன்னிங்ஸ்லயும் செஞ்சுரி. 1950-ல இங்கிலாந்துக்கே போய் 3-1. அதுல ரமாதின், வாலன்டைன்னு ரெண்டு ஸ்பின்னர், டூருக்குத் தேர்வாகும்போது ஆளுக்கு ரெண்டே ரெண்டு முதல்தர மேட்ச்தான் ஆடியிருந்தாங்க, அவங்களப் பாத்து இங்கிலாந்து முழிச்ச முழி இன்னிக்கும் பேச்சு. கவனிங்க, ஸ்பின்னர். பொறக்கும்போதே வேகம்னு சொல்றவங்க இங்க கொஞ்சம் நிக்கணும்.

இவ்வளவு ஆடியும் ஒரு விஷயம் மாறல. கேப்டன்னா வெள்ளக்காரக் குடும்பத்துல இருந்துதான். ஹெட்லி 1948-ல ஒரே ஒரு டெஸ்டுக்கு கேப்டனா இருந்ததத் தவிர, முழு டூருக்கு ஒரு கறுப்பினத்தவர கேப்டனாப் போட 1960 வரைக்கும் ஆச்சு. அவர்தான் ஃபிராங்க் வொரல். ஆஸ்திரேலியா போய் ஆடின முதல் டெஸ்ட்லயே பிரிஸ்பேன்ல டை, அதாவது ரெண்டு டீம் ஸ்கோரும் சரிசமம், டெஸ்ட் வரலாற்றுலயே முதல் டை, கடைசி விக்கெட்ட கயானாவோட ஜோ சாலமன் பக்கவாட்டுல இருந்து நேரா ஸ்டம்ப்ல எறிஞ்சு ரன் அவுட் பண்ணினாரு. சீரிஸ் 2-1-னு தோத்தாங்க, ஆனா கிளம்பும்போது மெல்போர்ன் தெருவுல ஜனங்க திரண்டு வந்து வழியனுப்புனாங்க. தோத்த டீமுக்கு ஊர்வலம்!

அதே சமயத்துல 1958-ல எல்லாத் தீவையும் சேத்து நெஜமாவே ஒரே நாடாக்கப் பாத்தாங்க, கூட்டாட்சின்னு. நாலே வருஷம். 1962-ல ஜமைக்கா, டிரினிடாட் பிரிஞ்சு தனி நாடாப் போச்சு, கதை முடிஞ்சுது. நாடு உடைஞ்சுது, டீம் உடையல. இதுல எனக்குத் தீராத ஆச்சரியம்.

நாலு பேர், நாலு தினுசு

இப்பதான் மெயின் மேட்டர். நீங்க தெருவுல டென்னிஸ் பால் ஆடியிருந்தா இது ஈஸியாப் புரியும். எதிர் டீம்ல ஒருத்தன் மட்டும் கண்ணு மண்ணு தெரியாம வேகமாப் போடுவான். நீங்க என்ன பண்ணுவீங்க? அவன் ஓவர எப்படியோ கட்டைய வச்சு ஓட்டிட்டு, அடுத்தவன் ஓவர்ல அடிப்பீங்க. பெரிய கிரிக்கெட்லயும் 1970-கள் வரைக்கும் இதுதான் நடைமுறை. ரெண்டு ஃபாஸ்ட் பவுலர் புது பால்ல ஒரு மணி நேரம் போடுவாங்க, தாக்குப் பிடிச்சுட்டா ஸ்பின்னர் வருவாரு, மூச்சு விட்டுக்கலாம்.

அப்ப வெஸ்ட் இண்டீஸ் கேப்டனா இருந்த கிளைவ் லாய்ட் அந்த மூச்சு விடுற நேரத்த எடுத்துட்டாரு. அவ்வளவுதான் ரகசியம். நாலு பேரும் ஃபாஸ்ட், ரெண்டு பேர் போட ரெண்டு பேர் ரெஸ்ட், நாள் பூரா புதுசா ஒருத்தன் ஓடி வந்துக்கிட்டே இருப்பான். தப்பிச்சு ஓட எதிர் முனையே கிடையாது.

இது எப்படி வந்துச்சுன்னா ரெண்டு அடி வாங்கி வந்துச்சு. முதல் அடி 1975-76 ஆஸ்திரேலியா டூர், லில்லியும் தாம்சனும் வேகத்துல போட்டு 5-1-னு அனுப்புனாங்க. ரெண்டாவது அடி நாம கொடுத்தது. 1976 ஏப்ரல், டிரினிடாட் போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல லாய்ட் மூணு ஸ்பின்னர வச்சுக்கிட்டு இந்தியாவுக்கு 403 டார்கெட் வச்சாரு, கவாஸ்கர் 102, விஸ்வநாத் 112, நாலே விக்கெட்டுக்கு 406 அடிச்சு ஜெயிச்சுட்டோம். அடுத்த டெஸ்ட் ஜமைக்காவுல. ஸ்பின்ன ஓரங்கட்டிட்டு ஃபாஸ்ட் பவுலர் ஹோல்டிங் தலைமைல வேகத்த அவுத்து விட்டாங்க. கெயிக்வாட் காதுல அடி, விஸ்வநாத்துக்கு விரல் முறிவு, பிரிஜேஷ் படேலுக்கு வாய்ல. ரெண்டாவது இன்னிங்ஸ்ல இந்தியா 97, அஞ்சு பேர் அடிபட்டு பேட்டிங்குக்கே வரல. ஹெல்மெட் இல்லாத காலம்ங்குறதையும் சேத்துப் படிங்க.

சரி, வேகம்னா என்ன ஆகுது? பிட்ச் 22 கஜம், அதாவது 20 மீட்டர் சொச்சம். பவுலர் கை விடுற எடத்துல இருந்து பேட்டுக்கு 18 மீட்டர் கிட்ட. மணிக்கு 145 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 40 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட அரை செகண்டுதான் கையில. அதுல கண்ணு பாத்து மூளைக்குச் சொல்லி கை அசையுறதுக்கே 0.2 செகண்ட் போயிரும். மிச்சத்துல முன்னாடி காலு வைக்கணுமா பின்னாடியா, விடணுமா குனியணுமான்னு முடிவு பண்ணணும். பவுன்சர்னா பிட்ச்ல பாதியில குத்தி மூஞ்சிக்கு எழும்புற பந்து, அது வந்தா முடிவு பண்ற நேரம்கூட இல்ல, உடம்பு தானா நகரணும்.

இதுல விஷமே என்னன்னா நாலு பேரும் ஒரே மாதிரி போடல. ஜோயல் கார்னர் ஆறடி எட்டு அங்குலம், கைய தூக்கினா பந்து எட்டடி உயரத்துல இருந்து இறங்குது, மத்தவன் போட்டா இடுப்புக்கு வர்ற பந்து இவரு போட்டா நெஞ்சுக்கு வரும், அசந்தா அதே ஆளு கட்டைவிரல்ல யார்க்கர் இறக்குவாரு. காலின் கிராஃப்ட் கிரீஸோட ஓரத்துக்குப் போய் கோணல்ல உள்ள கொண்டு வருவாரு. ஹோல்டிங் ஓடி வர்ற சத்தமே கேக்காது. ஆண்டி ராபர்ட்ஸ் ரெண்டு பவுன்சர் வச்சிருப்பாரு, முதல்ல மெதுவா ஒண்ணு, அத நீங்க ஹுக் பண்ணி நாலு எடுத்துட்டு சந்தோஷமா இருக்கும்போது அதே மாதிரி கைல ரெண்டாவது வரும், வேகமா. 1975 ஜனவரில சேப்பாக்கத்துல அவரு 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தாரு, இந்தியா மொத்தம் 190, அதுல விஸ்வநாத் மட்டும் 97 நாட் அவுட். சதம் இல்லாத அந்த இன்னிங்ஸ இன்னிக்கும் மெட்ராஸ் பெருசுங்க சதத்துக்கு மேல வச்சுப் பேசுவாங்க.

அப்புறம் வந்தவரு மால்கம் மார்ஷல். ஆறடிகூட இல்ல. உடம்பு வாகு தியரிய இங்கயே குப்பையில போட்டுரலாம். பந்த ரெண்டு பக்கமும் ஆட்டுவாரு, பிட்ச்ல வழுக்கிக்கிட்டு வரும், 376 விக்கெட், சராசரி 20.94.

உடம்புன்னு சொன்னா அது வளத்த உடம்பு. 1977-ல கெரி பேக்கர்ங்குற டிவி முதலாளி ஆஸ்திரேலியாவுல தனி சீரிஸ் ஆரம்பிச்சப்ப இந்த டீமுக்கு டென்னிஸ் வெயிட்னு ஒரு ஆஸ்திரேலிய பயிற்சியாளர் அமைஞ்சாரு, அவங்கள ஓட விட்டு ஓட விட்டு எடுத்தாரு. அதுபோக வெயில் காலம் பூரா இங்கிலாந்து கவுன்ட்டில வேலை. கவுன்ட்டின்னா அங்க மாவட்ட அளவுல தொழில்முறையா நடக்குற கிரிக்கெட். ரிச்சர்ட்ஸும் கார்னரும் சாமர்செட்டுக்கு, கிரீனிட்ஜ், ராபர்ட்ஸ், மார்ஷல் ஹாம்ப்ஷயருக்கு, லாய்ட் லங்காஷயருக்கு. வாரத்துல ஆறு நாள் பந்து போட்டு, குளிர்லயும் ஈரத்துலயும் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. துபாய்க்குப் போய் வேலை கத்துக்கிட்டு வந்து ஊர்ல கட ஆரம்பிக்கிறவன் மாதிரின்னு வச்சுக்கங்க.

சுருக்கமா: எதிர் முனைல ஓய்வே இல்லாத பவுலிங், ஆளுக்கொரு தினுசு, வெளியூர்ல கத்த தொழில், கடுமையான ஃபிட்னஸ். இது திட்டம் போட்டு செஞ்ச வேலை.

83-ல முடிஞ்சுதா?

1975 முதல் உலகக்கோப்பை, லார்ட்ஸ் ஃபைனல்ல ஆஸ்திரேலியாவ 17 ரன்ல ஜெயிச்சாங்க. லாய்ட் 102, ரிச்சர்ட்ஸ் பேட்டிங்ல ஒண்ணும் பண்ணல, ஆனா ஃபீல்டிங்ல மூணு ரன் அவுட். 1979-ல மறுபடியும் லார்ட்ஸ், ரிச்சர்ட்ஸ் 138 நாட் அவுட், கார்னர் 5 விக்கெட், இங்கிலாந்து 92 ரன் வித்தியாசத்துல காலி. அந்த ரெண்டு உலகக்கோப்பைலயும் இந்தியாவுக்கு கேப்டன் நம்ம வெங்கட்ராகவன், நம்ம நெலம அப்ப ரொம்ப மோசம், விடுங்க.

1983 ஜூன் 25, மறுபடியும் உலகக்கோப்பை ஃபைனல், இந்தியா 183, ஸ்ரீகாந்த் 38 அதுல டாப் ஸ்கோர், ராபர்ட்ஸ ஒத்தக் கால்ல மண்டி போட்டு அடிச்ச ஃபோர எத்தன தடவ பாத்தாலும் அலுக்காது. வெஸ்ட் இண்டீஸ் 140. சரி. இதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதே வருஷம் கடைசில அவங்க இந்தியாவுக்கு வந்தாங்க. டெஸ்ட் 3-0, ஒன்டே 5-0. கான்பூர்ல மார்ஷல் போட்ட ஒரு பந்து கவாஸ்கர் கையில இருந்த பேட்டையே தட்டி விட்டுச்சு. வட்டியும் முதலுமா வசூல் பண்ணிட்டுப் போனாங்க.

அந்த சீரிஸோட கடைசி டெஸ்ட் சேப்பாக்கம், டிசம்பர். எங்க பெரியப்பா நேர்ல பாத்தவரு. கவாஸ்கர் அந்தத் தடவ ஓப்பனிங் வேண்டாம்னு நாலாவதா இறங்குறேன்னாரு, ஆனா மார்ஷல் ஆரம்பத்துலயே ரெண்டு பேர பூஜ்யத்துல தூக்கிட்டாரு, ஸ்கோர் பூஜ்யத்துக்கு ரெண்டு, கவாஸ்கர் கிட்டத்தட்ட ஓப்பனராவே வந்து நின்னாரு. முடிக்கும்போது 236 நாட் அவுட், பிராட்மேனோட 29 சத சாதனைய தாண்டின 30-ஆவது சதம். பெரியப்பா இதச் சொல்லும்போது கவாஸ்கரவிட மார்ஷலப் பத்திதான் அதிகம் சொல்லுவாரு.

அடுத்த வருஷம் 1984-ல தொடர்ந்து 11 டெஸ்ட் வெற்றி, இங்கிலாந்துல போய் 5-0. லார்ட்ஸ்ல கடைசி நாள் 342 டார்கெட், கிரீனிட்ஜ் 214 நாட் அவுட், ஒரே விக்கெட்ல முடிச்சாங்க. "இருபது வருஷம் தோக்கவே இல்ல"ன்னு சொல்றதும் தப்பு, தனி மேட்ச் தோத்திருக்காங்க, 88-ல இதே சேப்பாக்கத்துல ஹிர்வானி முதல் டெஸ்ட்லயே 16 விக்கெட் எடுத்து தோக்கடிச்சாரு. சரியான கணக்கு இது: 1980-ல நியூசிலாந்துல தோத்ததுக்கு அப்புறம் 1995-ல ஆஸ்திரேலியாகிட்ட சொந்த மண்ணுல தோக்குற வரைக்கும், 29 டெஸ்ட் சீரிஸ், ஒண்ணுகூட தோக்கல. சீரிஸ்னா ஒரே எதிராளியோட வரிசையா ஆடுற மேட்ச்களோட தொகுப்பு. பதினஞ்சு வருஷம்.

வடம் எங்க நழுவுச்சு

ஃபாஸ்ட் பவுலர் ஆம்புரோஸ் 2000-ல ரிட்டயர் ஆனாரு, 519 விக்கெட்டோட இன்னொரு ஃபாஸ்ட் பவுலர் வால்ஷ் 2001-ல ரிட்டயர் ஆனாரு. லாரா தனியா தூக்கிப் பிடிச்சாரு, 2004-ல ஆன்டிகுவால 400 நாட் அவுட், அதே சீரிஸ்ல அதே டீம் ஜமைக்காவுல 47-க்கு ஆல் அவுட். பசங்க எல்லாம் பாஸ்கெட்பால் ஆடப் போயிட்டாங்கன்னு ஒரு காரணம் சொல்லுவாங்க, கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனா ஆம்புரோஸே பாஸ்கெட்பால் பைத்தியமா இருந்து கிரிக்கெட்டுக்கு வந்தவருதான்.

எனக்குத் தெரிஞ்சு ஏற்பாடுதான் காரணம். கிரிக்கெட்ல டிவி காசு சொந்த ஊர்ல மேட்ச் நடத்துறவனுக்கு, வந்து ஆடுற டீமுக்கு அதுல பங்கு இல்ல. கரீபியன்ல கிரிக்கெட் ஆடுற எல்லா எடத்தையும் சேத்தாலும் ஜனத்தொகை 60 லட்சம் கிட்ட, சென்னையும் புறநகரும் சேத்தா அதுக்கு மேல. ஒரு டெஸ்ட் முடிஞ்சு அடுத்த டெஸ்டுக்கு வேற நாட்டுக்கு ஃப்ளைட்ல போகணும். அங்க காலைல ஆரம்பிக்கிற மேட்ச் நமக்கு ராத்திரி, இந்தியா ஆடினா ஒழிய வாங்க ஆள் இல்ல. உலக கிரிக்கெட்ட நடத்துற ஐசிசி 2024-27-க்குப் பிரிச்ச காசுல இந்தியாவுக்கு 38 சதவீதத்துக்கு மேல, இவங்களுக்கு 5 சதவீதத்துக்கும் கீழ.

நாடுன்னா நாட்டுக்காகன்னு ஒரு பிடிமானம் இருக்கும், இங்க கூட்டுதான், காசு இல்லாத கூட்டுல சண்டைதான் மிஞ்சும். 2014-ல சம்பள ஒப்பந்தத் தகராறுல, நம்ம சிஎஸ்கே பிராவோ கேப்டனா இருந்த டீம் இந்தியா டூர்ல பாதில கிளம்பிப் போச்சு. கவுன்ட்டி காலத்துல வெளியூர் வேலையும் சொந்த டீமும் பெருசா மோதிக்கல, இப்ப லீக் மேட்ச்சும் நாட்டு மேட்ச்சும் ஒரே தேதில வருது, வீட்டுக்கு அரிசி வாங்குறவன் எதத் தேர்ந்தெடுப்பான்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். டி20 வந்து கெட்டாங்கன்னு சொல்றவங்க 2012-ல கொழும்புல இலங்கைய ஜெயிச்சதையும், 2016-ல கொல்கத்தால கடைசி ஓவர்ல 19 ரன் வேணும்னு இருக்கும்போது பிராத்வெயிட் நாலு பந்துல நாலு சிக்ஸ் வச்சதையும் மறந்துடுறாங்க. அதே நாள், அதே மைதானம், பொண்ணுங்க டீமும் ஆஸ்திரேலியாவ ஜெயிச்சு டி20 கோப்பை எடுத்துச்சு.

அதுக்கப்புறம் பள்ளம்தான். 2023 உலகக்கோப்பைக்குத் தகுதியே கிடைக்கல. 2025 ஜூலைல ஜமைக்காவுல ஆஸ்திரேலியாகிட்ட 27-க்கு ஆல் அவுட், ஸ்டார்க் 9 ரன்னுக்கு 6 விக்கெட்.

நடுவுல ஒரே ஒரு வெளிச்சம், 2024 ஜனவரி, பிரிஸ்பேன். ஷமர் ஜோசப், கயானாவுல படகுல மட்டுமே போகக்கூடிய பராகாராங்குற ஊர்க்காரரு, கொஞ்ச காலம் முன்னாடி வரைக்கும் செக்யூரிட்டி வேலை. முந்தின நாள் ஸ்டார்க் யார்க்கர் கால் கட்டைவிரல்ல விழுந்து நொண்டிக்கிட்டே வெளிய போனவரு, மறுநாள் வந்து 68 ரன்னுக்கு 7 விக்கெட், 8 ரன்ல வெற்றி. 1997-க்கு அப்புறம் ஆஸ்திரேலியால முதல் டெஸ்ட் வெற்றி. கமென்டரி பாக்ஸ்ல லாரா கண்ணீர் விட்டாரு.

ஒரு சின்ன சிக்கல் பாக்கி

1998 காமன்வெல்த் கேம்ஸ்ல கிரிக்கெட் இருந்துச்சு, அங்க வெஸ்ட் இண்டீஸ்னு பேரு செல்லாது, பார்படாஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா தனித்தனியா ஆடினாங்க. 2022 பர்மிங்காம்லயும் பார்படாஸ் பேர்லதான் பொண்ணுங்க டீம் போச்சு. 2028-ல லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல கிரிக்கெட் வருது, அங்கயும் நாடு நாடாத்தான் கணக்கு.

இத அக்கா பையன்கிட்ட சொன்னேன். அவன் பென்சில எடுத்து ஜமைக்காவுல ஆரம்பிச்சு கயானா வரைக்கும் பெருசா ஒரு வட்டம் போட்டான், பாதிக்கு மேல கடல். கொஞ்ச நேரம் பாத்துட்டு கேட்டான், "அப்ப இந்த வட்டத்துல இருந்து யாரு மாமா போவா?"